ஈசான மூலையில் ஒரு பானை

"வெள்ளிக்கிழமை என் மகளுக்கு நிக்காஹ். மாப்பிள்ளையோட பெரிய வாப்பா மூவாரிலேருந்து வந்து இறங்கிட்டாக. இன்னிக்குச் சாயங்காலம் சங்கக் கூட்டத்துல எங்க வீட்டுக்காரவுகளை ஊர் முன்னாடி நிறுத்திக் களவாணின்னு சொல்லப் போறாங்களாம். அந்தப் பெரியவர் அதைக் காதால கேக்கணும்னு கூட்டத்துக்கே வர்றாக. அப்புறம் எங்கேருந்தும்மா கல்யாணம்?"

இவ்வளவையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டு நஜ்முன்னிசா முக்காட்டின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பொன்னுதுரையின் பாடுதான் திண்டாட்டமாகிவிட்டது. வாயில் சுடச்சுட ஒரு பீசாங் கோரேங். அழுகிற ஒரு தாயின் எதிரே மெல்லுவது மரியாதையில்லை. அப்படியே விழுங்கினால் பொரித்த வாழைப்பழம் தொண்டையைப் பொசுக்கிவிடும். கடைசியில் வயிறுதான் ஜெயித்தது. விழுங்கினான். அவன் கண்ணிலும் தண்ணீர் வந்தது.

"பாருங்க, தம்பிக்கே மனசு தாங்கல," என்றாள் நஜ்முன்னிசா.

மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ருக்மணி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். காஜா பேராங் சாலையில், கோப்பிக்கடை மாடியில் 'துப்பறியும் ருக்மணி' என்று பலகை மாட்டுவதற்கு முன்னால் அவள் மலாக்கா டெலிபோன் ஆபீசில் வருஷக்கணக்காக லைன் போட்டுக் கொடுத்தவள். ஊரில் யார் யாரிடம் எப்படிப் பொய் சொல்வார்கள் என்பது அவளுக்கு அத்துப்படி. குரல் ஒரு நூல் பிசகினாலும் அவள் காது பிடித்துவிடும். பொன்னுதுரை அவளுடைய உதவியாளன். காடி ஓட்டுவான், மரம் ஏறுவான், கேட்காமலே கருத்துச் சொல்வான்.

"அழாமச் சொல்லுங்க, அக்கா. உங்க வீட்டுக்காரர் நாகூர் மீரான் பாய்தானே? கிளேபாங் கடலோரத்துல பாக்காவ் மரக்கடை வச்சிருக்கிறவர்?"

"அவுகதான். இங்க சதுப்பை மூடி வீட்டுச் சங்கம் வரிசையா வீடு கட்டுதுல்ல? அந்தச் சேத்துல இறக்க, கழி பூரா அவுக கடையிலேருந்துதான் போச்சு. இப்போ கடைசி வீட்டு மூலை உள்ள இறங்கிச் சுவர் பிளந்துகிச்சு. தோண்டிப் பாத்தா அந்த மூலையில ஒரு கழிகூட இல்லையாம். மீரான் குறைச்சு அனுப்பிட்டான்னு செயலாளர் நடராஜன் குதிக்கிறாரு. போலீசுக்குப் போறாராம்."

"பாய் குறைச்சாரா?"

"அல்லாமேல ஆணை. என் மனுஷருக்குக் குறைக்கத் தெரிஞ்சா முதல்ல அவரு தொப்பையைக் குறைச்சிருக்க மாட்டாரா?"

ருக்மணி எழுந்து கைப்பையை எடுத்தாள். அவள் கைப்பையை எடுத்தாள் என்றால் வழக்கை எடுத்துக்கொண்டாள் என்று அர்த்தம். மிச்சமிருந்த பலகாரத்தைப் பொன்னுதுரை சட்டைப்பைக்குள் பத்திரப்படுத்தினான்.

நாட்டுக்கு மெர்டேக்கா என்கிற சுதந்திரம் வந்து இன்னும் ஒரு மாசம்கூட ஆகவில்லை. தெருமுனையில் கட்டிய சுதந்திர வளைவு அப்படியே நின்றுகொண்டிருந்தது. பிரிக்க யாருக்கும் மனசு வரவில்லை. சுற்றியிருந்த கலர்க் காகிதம் மழையில் சாயம் போய்க் கிழிந்து தொங்கியது. ஆனால் மேலே வரிசையாக நின்ற வெள்ளி வேல்கள் மட்டும் வெயிலில் பளபளத்தன. வளைவுக்குக் கீழே போகும்போதெல்லாம் ஹார்ன் அடித்து "மெர்டேக்கா!" என்று கத்துவது பொன்னுதுரையின் பழக்கம். அன்றைக்கும் கத்தினான்.

"நிறுத்து," என்றாள் ருக்மணி.

"கத்தறதையா, காடியையா?"

"ரெண்டையும்தான். இந்த வளைவு யார் போட்டது?"

"நம்ம நடராஜன்தான். ஊர்ல எது நடந்தாலும் அவர்தானே போடுவாரு. அந்த வேலுங்களைப் பாருங்கக்கா, எவ்வளவு ஜோர்!"

ருக்மணி கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். "வேல்னா இலை மாதிரி தட்டையாத்தானே இருக்கும்? இதுக்கு மூணு பக்கம் இருக்கே."

"சுதந்திரம் வந்திருச்சில்ல. முருகனுக்கும் ஒரு பக்கம் கூடுதலாக் கொடுத்திருப்பாங்க."

அவள் சிரிக்கவில்லை. சிரிக்காவிட்டால் ஏதோ யோசிக்கிறாள் என்று அர்த்தம். அந்த நேரத்தில் வாயைக் கொடுத்தால் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கும் என்பதால் பொன்னுதுரை பேசாமல் காடியை எடுத்தான்.

வீட்டு வரிசை ஒரு காலத்தில் எருமைகள் புரண்ட சதுப்பில் எழும்பிக்கொண்டிருந்தது. காலை வைத்தால் முழங்கால் வரை இழுக்கிற மண். இப்படிப்பட்ட இடத்தில் மலாக்காக்காரர்கள் கடலோரச் சேற்றுக் காட்டில் வெட்டிய பாக்காவ் கழிகளைக் கொண்டுவந்து கூர் சீவுவார்கள். முக்காலி நட்டு, கயிற்றில் கட்டிய இரும்புக் குண்டை இழுத்து இழுத்து விட்டு, கழிகளை நெருக்கமாக மண்ணுக்குள் அடித்து இறக்குவார்கள். கழிக்கூட்டம் சேற்றைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். அதன்மேல் வீடு ஜம்மென்று உட்காரும்.

கடைசி வீட்டைத் தவிர மற்ற வீடுகள் ஜம்மென்றுதான் உட்கார்ந்திருந்தன. கடைசி வீட்டின் வடகிழக்கு மூலை மட்டும் தூக்கக் கலக்கத்தில் இருப்பவன் தலை மாதிரி சரிந்திருந்தது. பாதி எழும்பிய சுவரில் கையை விடலாம் போல ஒரு பிளவு.

"என் வீடும்மா இது! என் சொந்த வீடு!" நடராஜன் சட்டையில் சுதந்திர பேட்ஜோடு ஓடிவந்தார். "ஊருக்கெல்லாம் வீடு கட்டிக் கொடுத்தவனுக்கு இப்படியா? எல்லா மூலையிலும் கழித் தலை தெரியுது. இங்க மட்டும் வெறும் சேறு. கழி வரல, அதனால இறங்கல. இதுக்கு என்னத்துக்குத் துப்பறியணும்?"

"கழி குறையுதுன்னு உங்களுக்கு எப்போ தெரியும்?"

"சுவர் பிளந்தப்புறம்தான். நேத்துத்தான் தோண்டினோம். நான் பொய் சொல்றேன்னு நினைக்கிறீங்களா?"

"இல்லை," என்றாள் ருக்மணி. பொன்னுதுரையின் பக்கம் திரும்பி மெதுவாக, "நிஜமாவே பொய் சொல்லலை. அதான் இடிக்குது," என்றாள்.

குழிக்குள் எட்டிப் பார்த்தார்கள். கறுத்த சேறு, கலங்கல் தண்ணீர். ஓரத்தில் வாயில் மஞ்சள் துணி கட்டிய சின்ன மண்பானை ஒன்று புதைந்திருந்தது.

"புதையல்!" என்றான் பொன்னுதுரை. "அக்கா, பாதி எனக்கு."

"முழுசுமே உனக்குத்தான். இறங்கி எடு."

இடுப்பளவு சேற்றில் இறங்கி, சட்டைப்பையில் இருந்த பலகாரத்தை அந்தச் சதுப்புக்கே காணிக்கையாக்கிவிட்டு, பானையை எடுத்து வந்தான். துணியை விலக்கினால் ஊறி அழுகிய பயறு, நெல், எள்ளு, கொள்ளு. அடியில் குண்டுமணி அளவுக்கு ஒரு தங்கப் பொட்டு.

"நவதானியம்," என்றார் நடராஜன் அலட்சியமாக. "தை மாசம் மனைக்குப் பூஜை போட்டோம். ஈசான மூலையில பானை வைக்கிறது வழக்கம்தானே. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

ருக்மணி பானையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை. "இதை நான் சாயங்காலம் வரைக்கும் வச்சுக்கறேன்," என்றாள்.

கழி அடிக்கும் கூட்டத்தின் மேஸ்திரி, மண்டோர் கருணாகரன், அடுத்த மனையில் ஆட்களோடு நின்றான். ஆள் ஓங்குதாங்கு, மீசை அதைவிட ஓங்குதாங்கு. பக்கத்தில் ஒருவன் பாராங்கத்தியால் கழி நுனியைச் சீவிக்கொண்டிருந்தான். சரக், சரக், சரக். மூன்றே வெட்டு. கழியை ஓரமாகப் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தான்.

"மூணு வெட்டுத்தானா?" என்று கேட்டாள் ருக்மணி.

"மத்தவங்க நாலு வெட்டு வெட்டுவாங்க. நம்ம கூட்டம் மட்டும் மூணு. பிசகாம நேரா இறங்கும்மா," என்றான் கருணாகரன் பெருமையாக.

"நடராஜன் வீட்டு ஈசான மூலையில மட்டும் ஏன் இறங்கலை?"

மீசை அப்படியே தொங்கிவிட்டது. "மத்ததெல்லாம் கேளுங்க. அதை மட்டும் கேக்காதீங்க. சூடத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணியிருக்கேன். போலீஸ் வந்தாலும் சொல்ல மாட்டேன்."

"யாருக்குப் பண்ணின சத்தியம்?"

"அதுவும் சத்தியத்துக்குள்ளதான் அடங்கும்மா."

காடிக்குத் திரும்பியதும் பொன்னுதுரை துள்ளினான். "முடிஞ்சுது வழக்கு! கழியை இவன் வித்துட்டான். பாவம் மீரான் பாய் மாட்டிக்கிட்டாரு. மண்டோரைப் பிடிச்சு ரெண்டு தட்டு தட்டினா கக்கிருவான்."

"அந்த மீசையை நீ தட்டுவியா?"

"நான் ஏன்? போலீஸ் எதுக்கு இருக்கு?"

"பொன்னு, திருட்டுல கூட்டு சேர்ந்தவன் வாயை எப்படி அடைப்பாங்க? பங்கு கொடுத்து. சூடம் கொளுத்தி யாராவது அடைப்பாங்களா? அப்படி அடைக்கிறவங்க சாமி அறையில இருக்கிறவங்க. வண்டியை வளைவுக்கு விடு."

"வளைவுக்கா? எதுக்கு?"

"ஏறத்தான்."

ஏறினான். வளைவடியில் பலகாரம் விற்ற, தமிழ் மறந்த மலாக்காச் செட்டி வீட்டம்மா, விழுந்தால் தன் தட்டில் விழுந்துவிடாதே என்று மலாயில் கத்திச் சிரித்தாள். பொன்னுதுரை உச்சியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு காகிதத்தைக் கிழித்தான். உள்ளே மரப்பட்டை உரிக்காத கழி. வெள்ளிச் சாயம் அவன் மூக்கில் ஒட்டிக்கொண்டது.

"வேல் நுனி எப்படிச் சீவியிருக்கு, சொல்லு!"

"மூணு வெட்டு... அக்கா!" அவன் பிடி நழுவப் பார்த்தது. "அக்கா, இது..."

"தெரியும். வாயை மூடிக்கிட்டு இறங்கு. கூட்டத்துக்கு நேரமாச்சு."

கட்டுமானக் கொட்டகையில் பெஞ்சு போட்டுச் சங்கத்தார் நிறைந்திருந்தார்கள். முதல் வரிசையில் சொங்கோக் தொப்பி அணிந்த அப்துல் சமது, மாப்பிள்ளையின் பெரிய வாப்பா, கைத்தடிமேல் இரண்டு கையையும் ஊன்றி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் நாகூர் மீரான். பாவம், அந்தப் பெரிய உடம்பு பாதியாக ஒடுங்கிப்போயிருந்தது. நஜ்முன்னிசா கதவோரம் நின்று விரல் நகத்தைக் கடித்தாள். நடராஜனின் மனைவி பாக்கியலட்சுமி எல்லாருக்கும் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டிருந்தாள். பொன்னுதுரை இரண்டு கிளாஸ் எடுத்துக்கொண்டான்.

நடராஜன் முழங்கினார். நாடு சுதந்திரம் அடைந்த வேளையில் நம்பியவர் கழுத்தை அறுத்தார்கள் என்றார். கழி கொடுக்க வேண்டியவர் குறைத்தார் என்றார். அப்துல் சமதின் முகம் இறுகிக்கொண்டே போனது. மீரான் தரையைப் பார்த்தார். பொன்னுதுரைக்கு இரண்டாவது தேத்தண்ணி இறங்கவே இல்லை.

"ஒரு சின்னச் சந்தேகம்," என்று எழுந்தாள் ருக்மணி. "தெருமுனை வளைவு ரொம்ப அழகு. எல்லாரும் பாராட்டறாங்க. யார் போட்டது, செயலாளரே?"

கோபத்திலிருந்த மனிதரின் முகம் பளிச்சென்று மலர்ந்தது. "நான்தான்! யோசனை, வடிவம், வேல் எல்லாம் என்னோடதுதான்."

"நிறையச் செலவாகியிருக்குமே?"

"ஒரு காசு செலவில்லை! கழியெல்லாம் இங்கே மிச்சம் கிடந்தது. கூர் சீவி ரெடியா ஓரமாக் கிடந்துச்சு. தலைகீழா நட்டு வெள்ளி அடிச்சேன், வேல் ஆயிருச்சு."

யாரோ ஒருவர் இருமினார்.

"மிச்சம் கிடந்தது," என்றாள் ருக்மணி. "மீரான் பாய் குறைச்சு அனுப்பின கழி, உங்களுக்கு மிச்சமா எப்படிக் கிடைச்சுது?"

நடராஜனின் வாய் திறந்தபடியே நின்றது. மிச்சம், குறைவு இரண்டும் இத்தனை நாளாக அவர் மண்டைக்குள் தனித்தனி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தன. இன்றைக்குத்தான் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

"மேலே ஏறிப் பாத்துட்டேன்," என்று பொன்னுதுரை தன் வெள்ளி மூக்கைக் காட்டினான். "ஒவ்வொண்ணும் மூணு வெட்டு. இந்த மனையில, இந்தக் கூட்டம் சீவினது. கழி வந்திருக்கு, சீவியிருக்கு, அடிக்கத்தான் இல்லை. ஐயா, உங்க வீட்டு மூலை தெருமுனையில நிக்குது!"

சிரிப்பு வெடித்தது. மீரான் தலையைத் தூக்கினார். ஆனால் நடராஜன் சும்மா விடுகிற ஆளா? சட்டென்று திரும்பினார்.

"கருணாகரா! கழி வந்துச்சுன்னா நீ ஏன் அடிக்கலை? சொல்லுடா! இல்லைன்னா பாய்க்குப் பதிலா உன்னை ஸ்டேஷனுக்கு அனுப்புறேன்!"

கருணாகரன் எழுந்தான். இரண்டு கையையும் முன்னால் நீட்டினான். "அனுப்புங்க. நான் சொல்ல மாட்டேன்."

ருக்மணி கண்ணைக் காட்டினாள். பொன்னுதுரை மேஜைமேல் பானையை வைத்தான். கழுவித் துடைத்த பானை, பழைய மஞ்சள் துணி கட்டியபடியே.

தேத்தண்ணித் தட்டு தடாலென்று கீழே விழுந்தது.

"அவரை விட்டுருங்க!" பாக்கியலட்சுமி கையைப் பிசைந்தபடி முன்னால் வந்தாள். "நான்தான். அந்த மூலையில குண்டு போட வேண்டாம்னு நான்தான் மண்டோர் கால்ல விழாத குறையாக் கேட்டேன். பூஜைப் பானை மேல இரும்பு விழுந்து உடைஞ்சா குடும்பம் விளங்குமா? ஒரு மூலைதானே, மீதிக் கழி தாங்கிக்கும்னு நினைச்சேன். அவரு முடியாதுன்னாரு. நான் அழுதேன். அப்புறம்தான் சூடம் கொளுத்திச் சத்தியம் வாங்கினேன்."

"அடிப் பாவி!" என்றார் நடராஜன். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? பாய் மேல பழி விழுதுன்னு தெரிஞ்சும் எப்படிடி பேசாம இருந்தே?"

"நேத்து ராத்திரியெல்லாம் நான் தூங்கலீங்க. சொல்ல வாய் வரலை. ஆனா நான் ஒண்ணு கேக்கறேன். எல்லாரும் கழி அடிச்சப்புறம்தான் பானை வைப்பாங்க. தை முகூர்த்தம் போயிரும், கழி லோரி வர்ற வரைக்கும் காத்திருக்க முடியாதுன்னு முதல்ல பூஜை போட்டது யாரு? நீங்கதானே?"

நடராஜன் உட்கார்ந்துவிட்டார். ருக்மணி பானையைத் தொட்டாள். "குண்டு விழுந்திருந்தா இது தூளாயிருக்கும். கீறல்கூட இல்லை. பாத்ததுமே தெரிஞ்சுது, யாரோ இதைக் காப்பாத்தியிருக்காங்க. திருடறவங்களுக்குப் பானை மேல என்ன அக்கறை?"

"நான் வாயைத் திறக்கலம்மா," என்றான் கருணாகரன் பாக்கியலட்சுமியிடம். அவன் கண் கலங்கியிருந்தது.

நடராஜன் மெல்ல எழுந்து போய் மீரானின் கையைப் பிடித்துக்கொண்டார். முழக்கமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. "பாய், அவசரப்பட்டு உங்க பேரை நாசம் பண்ணப் பாத்தேன். மன்னிச்சிருங்க. நாளைக்கே அந்த வளைவைப் பிரிச்சு, அதே கழியை மூலையில இறக்கிடறேன்."

மீரானின் உதடு துடித்தது. அழப்போகிறார் என்றுதான் பொன்னுதுரை நினைத்தான். அவர் சிரித்துவிட்டார். "அது காஞ்சு போச்சுங்க. பாக்காவைப் பச்சையா, பட்டையோட இறக்கணும். காஞ்ச கழி அடி தாங்காது, பிளந்துக்கும். சுவரைப் பிரிச்சு வையுங்க. புதுக் கழி நான் அனுப்பறேன்."

"இருங்க," என்றார் அப்துல் சமது.

எல்லாரும் திரும்பினார்கள். பெரியவர் கைத்தடியை ஊன்றி எழுந்தார்.

"எனக்கு ஒண்ணு தெரியணும். மீரான், உங்க வீட்டுக்குப் போற பாதை அந்த வளைவு வழியாத்தானே?"

"ஆமாங்க."

"அப்ப வெள்ளிக்கிழமை வரைக்கும் யாரும் அதைத் தொடக் கூடாது. காகிதம் மட்டும் புதுசா ஒட்டுங்க. எங்க பையன் அந்தக் கழிகளுக்குக் கீழேதான் நடந்து வரணும். சம்பந்தி நேர்மையான ஆளுன்னு அந்தக் கழியே ஊர் முன்னாடி நின்னு சாட்சி சொல்லுதே, அதை விட்டுட்டு வேற பந்தல் எதுக்கு?"

நஜ்முன்னிசா அழுதாள். இந்தத் தடவை பொன்னுதுரை வாயில் எதுவும் இல்லை. இருந்தும் அவன் கண்ணில் தண்ணீர் வந்தது. சாயம் கண்ணில் பட்டுவிட்டது என்று ருக்மணியிடம் சமாளித்தான்.

வியாழக்கிழமையே புதுக் கழி வந்தது. கல்யாண வேலைக்கு நடுவிலும் மீரான் லோரியோடு தானே வந்து நின்றார். ஈசான மூலையில் முதல் குண்டு விழுந்தபோது பாக்கியலட்சுமி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு பானையை இடுப்பில் அணைத்துப் பிடித்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வந்தார். பளபளவென்று புதுக் காகிதம். முன்னால் நடராஜன் ஓடி ஓடி வழிவிடச் சொன்னார், யாரும் கேட்காமலே. வளைவுக்குக் கீழே வந்ததும் பொன்னுதுரைக்குப் பழக்கதோஷம் தாங்கவில்லை. "மெர்டேக்கா!" என்று கத்திவிட்டான்.

"கல்யாணம் பண்ணப் போறவன் காதுல போய் இதைச் சொல்றியே," என்றாள் ருக்மணி.

நாகூர் மீரானின் காதில் எதுவும் விழவில்லை. வாசலில் மாப்பிள்ளையை வரவேற்க நின்றவர், வளைவின்மேல் வரிசையாக நின்ற தன் கழிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நஜ்முன்னிசா முழங்கையால் இடித்ததும்தான் மாலையைக் கையில் எடுத்தார்.